வீட்டுவரி ரசீதில் இல்லாத தலைப்பு

இந்த அரையாண்டு வீட்டுவரி கட்டிவிட்டு ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொத்து வரியோடு நூலக வரியும் இருந்தது, நூற்றுக்குப் பத்து. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் அது. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் வாதாடிக் கொண்டுவரச் செய்த சட்டம். கிளை நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அதே ரசீதில் அருங்காட்சியகத்துக்கு என்று ஒரு பைசா கிடையாது.

மூன்று வருடம் முன்பு, அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடி ஒரு நகராட்சியின் பழைய பதிவறைக்குப் போனேன். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் ஒரு தெருவிளக்கு கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றுகிற வகை. நாலு கண்ணாடியில் ஒன்றுதான் மிச்சம். தகரத்தில் 37 என்று எண் அடித்திருந்தது. பக்கத்தில் முத்திரை போட்ட பித்தளைப் படி ஒன்று பச்சை பூத்துக் கிடந்தது.

“துடைச்சு முன்னாடி ஹால்ல வைக்கலாமே சார்?” என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன்.

“ஆசைதான் சார். எந்தத் தலைப்புல செலவு எழுதறது? தணிக்கைத் தடை வந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

அந்த ஊழியர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவர் கைக்கு நாம் ஒரு சட்டத்தைக் கொடுக்கவில்லை. அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குப் பண்பாடு, கல்வி, அழகியல் மேம்பாடு என்று பொதுவாக ஒரு வாசகம் உண்டு. அருங்காட்சியகம் என்ற சொல் அதில் இல்லை. அதெல்லாம் சென்னையில் இருக்கும் அருங்காட்சியகத் துறையின் வேலை என்று நாமும் பழகிவிட்டோம்.

நகராட்சியால் முடியாத காரியமா இது? அலகாபாத் அருங்காட்சியகத்தை 1931-இல் தொடங்கியது அந்த ஊர் நகராட்சிதான். அதன் நிர்வாக அதிகாரி பிரிஜ் மோகன் வியாஸ் தேடித் தேடிச் சேர்த்தவற்றால் வளர்ந்த இடம், இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். மும்பை பைகுல்லாவில் இருக்கும் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகமும் மாநகராட்சியின் சொத்துதான்.

ஆனால் “நடத்தலாம்” என்று அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. இங்கிலாந்தில் நகர மன்றங்கள் வரி போட்டு அருங்காட்சியகம் நடத்த 1845-லேயே சட்டம் வந்தது, நூலகச் சட்டத்துக்கும் முன்பே. பிறகு 1964-இல் வந்த சட்டம் நூலகத்தைக் கடமையாக்கியது. அருங்காட்சியகத்தை மன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. நிதி நெருக்கடியில் நூலகங்களும் அடிபட்டன என்பது உண்மை. ஆனால் கடமையில்லாததை மூடுவது இன்னும் சுலபம். 2016-இல் லங்காஷயர் கவுன்ட்டி மன்றம் ஐந்து அருங்காட்சியகங்களை மூடியது. சில பிறகு திறந்தன.

அதனால்தான் நம் நகராட்சிச் சட்டத்தில் அருங்காட்சியகம் நடத்த “வேண்டும்” என்றே எழுதச் சொல்கிறேன். ஊருக்கு ஓர் அறை, ஒரு ஊழியர், பட்ஜெட்டில் தனிக் கணக்குத் தலைப்பு. நூலக வரியில் கை வைக்கக் கூடாது, தனி நிதி.

வசூலித்த நூலக வரியையே பல உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கட்டுவதில்லையே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைப் பாக்கி என்று சொல்லிக் கேட்க முடிகிறதே, அது சட்டத்தில் எழுதியிருப்பதால்தான். அந்த விளக்குக்காக யாரும் யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறேன். உங்கள் ஊரிலும் கொடுக்க நினைப்பவர்கள் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன்.