அழகியார் கொடுத்த இரண்டு நிலைக்கால்கள்

பெங்களூர் டொம்லூரில் பதினான்கு வருஷமாகக் குடியிருக்கிறேன். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு, ஆபீசுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவேன். அங்கே கல்லில் வெட்டியிருப்பது தமிழ் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதுவும் கோயிலில் இல்லை, நிருபதுங்கா சாலையில் இருக்கும் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கத்தின் நூலகத்தில்.

எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பு, ஒன்பதாம் தொகுதி, 1905. தொகுத்தவர் பி. எல். ரைஸ், 1837இல் இதே பெங்களூரில் பிறந்த வெள்ளைக்காரர். தாள் பழுப்பேறிக் கிடந்தது. திருப்பும்போது ஓரம் பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் புரட்டினேன். நம் ஊர் அதில் தொம்பலூர். சாமி பெயர் சொக்கப்பெருமாள். 1270ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் விண்ணமங்கலம் ஏரிப் பக்கத்து நிலத்தை எழுதிவைக்கிறார்கள். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் என் தெருவில் நடந்தவர்கள்! படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மகளோடு கோயிலுக்குப் போனேன். அவள் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாள். நேராக அடித்தால் வெறும் கல்தான். சாய்த்துப் பிடித்ததும் எழுத்துகள் நிழலோடு எழுந்து வந்தன. "அப்பா, இது ன தானே?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் கஸ்தூர்பா சாலை மியூசியம். 1865இல் தொடங்கியது. சென்னை மியூசியத்தைத் தொடங்கிய அதே எட்வர்ட் பால்ஃபர்தான் இதற்கும் காரணம். பெங்களூரின் தெற்கே இருக்கும் பேகூரிலிருந்து வந்த வீரக்கல் அங்கே இருக்கிறது. யானை, குதிரை, வெட்டுப்பட்டு விழுகிற ஆட்கள் என்று ஒரு முழுப் போர்க்களம். அதே பேகூரின் நாகேசுவரர் கோயிலில் இருக்கும் இன்னொரு கல், சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெங்களூரில் நடந்த போரைக் கன்னடத்தில் சொல்கிறது. பெங்களூர் என்பது, பசித்து வந்த ஹொய்சள ராஜா வீரபல்லாளருக்குக் கிழவி வேகவைத்த பயறு (கன்னடத்தில் பெந்த காளு) கொடுத்ததால் வந்த பெயர் என்கிறார்களே, அந்த ராஜாவுக்கு முந்நூறு வருஷம் முந்தைய கல் இது. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் வருஷத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியைப் பேசுகிறது.

கன்னடரா தமிழரா, யார் முதலில் வந்தது என்று இந்த ஊரில் அடிக்கடி சண்டை போடுகிறோம். இரு தரப்பிலும் இந்தக் கற்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கன்னடமும் தமிழும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் போரையும் ஏரியையும் நிலத்தையும் பற்றி எழுதிவைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதில் ஒரு வரிகூட வருவதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

வேறொரு நூலகத்தில் இந்தத் தொகுதியைக் கேட்டபோது, "யாரும் கேக்கறதில்ல சார், கட்டிப் போட்டுட்டோம்" என்றார்கள். கேட்க ஆள் வந்தால்தானே கட்டை அவிழ்ப்பார்கள்? மிதிக் சொசைட்டிக்காரர்கள் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறார்கள், அவர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் சுண்ணாம்பும் பெயின்டும் பூசாமல் கல்லைக் காப்பாற்றுவது தெருவில் இருக்கிற நம் வேலை.

அடுத்த ஞாயிறு மடிவாளா போகிறோம். காலை ஆறரைக்கு, சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நெரிசல் தொடங்குமுன். வருகிறவர்கள் ஆளுக்கொரு டார்ச் எடுத்து வாருங்கள்.