வெளிறிய சாம்பல் எழுத்து எப்போது ஒழியும்?

வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுத்துப் போடும் பழக்கம் மொபைல் ஆப்களை விட்டு எப்போது ஒழியுமோ தெரியவில்லை.

வடிவமைக்கிறவர் ஏசி அறையில் உட்கார்ந்து, நல்ல மானிட்டரில் பார்க்கிறார். அங்கே அழகாகத்தான் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, கீறல் விழுந்த ஸ்க்ரீன் கார்டு வழியாகப் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு வரி இருப்பதே தெரியாது. கட்டணம் திரும்பக் கிடைக்காது என்ற வரி பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் இருக்கும். தமிழில் இன்னும் மோசம். எழுத்து சின்னதாகி நிறமும் மங்கினால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மெய்யா உயிர்மெய்யா என்று ஊகித்துப் படிக்க வேண்டும்.

"அது அவரவர் ரசனை" என்பார்கள். பாதிதான் சரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு ஒளி வேறுபாடு இருக்கிறது என்று கணக்கிட ஒரு வாய்பாடே உண்டு. டபிள்யூசிஏஜி என்ற வலை அணுகல் வழிகாட்டி 2008-லேயே சொல்லிவிட்டது: சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் கறுப்பு 21:1. ஆச்சரியம் என்னவென்றால், வெள்ளையில் சுத்தச் சிவப்பு 4:1-தான். 'பாஸ்வேர்டு தவறு' என்று சின்ன எழுத்தில் பளிச்சென்ற சிவப்பில் போட்டால் ஃபெயில். சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் பாஸ். இவ்வளவுதான் வேலை, இதைச் செய்யத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

அதைவிட எனக்குக் கோபம் வருவது, நிறத்தை மட்டுமே நம்பிச் சேதி சொல்கிறவர்கள்மீது. பஸ் டிக்கெட் போடப் போனால் காலியான சீட் பச்சை, போனது சிவப்பு. இரண்டும் ஒரே கட்டம், ஒரே அளவு. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? அந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். போன சீட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டால் தீர்ந்தது. பங்குச் சந்தை ஆப்பிலும் இதே கதைதான். இங்கே ஏறினால் பச்சை. சீனாவிலும் ஜப்பானிலும் ஏறினால் சிவப்பு. அம்புக்குறியோ கூட்டல் கழித்தலோ இல்லாமல் நிறம் தனியாக எதையும் சொல்லிவிடாது.

முகநூலையே பாருங்கள். அதைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க்குக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு. தனக்கு மிகத் தெளிவாகத் தெரிவது நீலம் என்று 2010-ல் நியூயார்க்கர் இதழிடம் அவரே சொல்லியிருக்கிறார். அந்த நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே நோட்டிஃபிகேஷன் மட்டும் சிவப்பு. மற்றதெல்லாம் அடங்கி இருப்பதால்தான் அந்தத் துளிச் சிவப்பு ஆளை இழுக்கிறது. அதற்குள் ஓர் எண்ணும் இருக்கிறது. சிவப்பு தெரியாதவருக்கும் சேதி போய்விடும். (அது நம் நேரத்தைத் தின்பது வேறு பஞ்சாயத்து.)

நம் ஷாப்பிங் ஆப்களில் இந்த அடக்கமே கிடையாது. 'வாங்கு' ஆரஞ்சு, 'கூப்பன்' பச்சை, 'சலுகை' சிவப்பு, மேலே மஞ்சள் பட்டை. திருவிழாவுக்கு சீரியல் செட் போட்ட தெரு மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் மின்னுகிறது, எதை அழுத்துவது என்று மட்டும் தெரியவில்லை.

ஆனால் சந்தாவை ரத்து செய்யும் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 'தொடர்கிறேன்' நல்ல அடர் நிறத்தில், பெரிய பட்டனாக. 'ரத்து செய்' அதே வெளிறிய சாம்பலில், கீழே ஓரமாக. நிறம் எப்படி வேலை செய்யும் என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆப் செய்கிற நண்பர்கள் ஒன்று செய்யலாம். ஐபோனோ ஆண்ட்ராய்டோ, அக்சஸிபிலிட்டி பக்கம் போனால் திரையைக் கறுப்பு-வெள்ளையாக மாற்ற வழி இருக்கிறது. அப்படி வைத்து உங்கள் ஆப்பில் ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள். சீட்டு எது காலி, பட்டன் எது, தப்பு எங்கே என்று அப்போதும் புரிந்தால் சரி. அப்புறம் பிடித்த நிறத்தைத் தீட்டிக்கொள்ளுங்கள்.