நடைபாதை என்றால் நடக்கக் கூடாதா?

ஊருக்குத் திரும்பி மூன்று நாளாகிறது. இன்னும் கோபம் அடங்கவில்லை.

வியட்நாமில், சைகோனில் இருக்கும் நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். 1976இல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் அங்கே பாதிப் பேர் வாயில் இன்னும் சைகோன்தான். நண்பன் வாணியம்பாடிக்காரன், ஷூ கம்பெனியில் வேலை. பேத்தியைப் பார்க்க அவன் அம்மாவும் வந்திருந்தார். வயது 68, இரண்டு முழங்காலும் தேய்ந்து கையில் ஊன்றுகோல். வந்த நாளிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: மாரியம்மன் கோயிலுக்குப் போகணும்.

19ஆம் நூற்றாண்டில் அங்கே வியாபாரம் செய்யப் போன நம் ஆட்கள் கட்டிய கோயில் அது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். நண்பனுக்கு லீவு இல்லை. "டாக்ஸி புக் பண்றேன்டா, இங்க யாரு நடக்கிறா?" என்றான். நான்தான் கேட்கவில்லை. அவன் வீடு மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. பென் தான் ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அம்மாவையும் அவன் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மெட்ரோவைக் குறை சொல்ல முடியாது. 2012இல் வேலை தொடங்கி, 2024 டிசம்பர் 22 அன்று திறந்த பாதை. மொத்தம் 19.7 கிலோமீட்டர், 14 ஸ்டேஷன். சுத்தம், குளிர்ச்சி, லிஃப்ட். அம்மா ஒரு படி ஏறவில்லை. "எவ்ளோ நல்லா வெச்சிருக்காங்க கண்ணு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சந்தோஷமெல்லாம் வெளியே கால் வைக்கும் வரைதான்.

முதலில் ரோட்டைக் கடக்க வேண்டும். 70 லட்சத்துக்கும் மேல் பைக் ஓடும் ஊர். நண்பன் சொல்லி அனுப்பியிருந்தான்: ஓடாதே, நடுவில் நிற்காதே, பின்னால் போகாதே, ஒரே சீராக நட. அப்படியே நடந்தோம். நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் வந்த பைக் ஒவ்வொன்றும் எங்களைப் பார்த்தது, வேகத்தைக் குறைத்தது, எங்களுக்குப் பின்பக்கமாக வளைந்து போனது. அம்மாவின் ஊன்றுகோலைப் பார்த்து ஒரு பையன் காலையே ஊன்றி நின்றுவிட்டான். அந்த ஊர்க்காரர்களுக்கு எதிரில் வருபவரைப் பார்த்து ஓட்டத் தெரியும். என் வயிற்றெரிச்சலே அதுதான். ரோட்டின் நடுவில் கொடுத்த மரியாதையை நடைபாதையில் ஏன் கொடுக்கவில்லை?

நடைபாதை அகலமாகத்தான் இருந்தது, கல் பதித்து, மேலே மர நிழலும் இருந்தது. அதில் சுவரிலிருந்து விளிம்பு வரை இரண்டு வரிசை பைக். பார்க்கிங் ஆள் ஒவ்வொரு பைக்கின் இருக்கையிலும் சாக்பீஸால் நம்பர் எழுதி, ஓட்டி வந்தவரிடம் டோக்கன் கொடுக்கிறார். அந்த வண்டிகளுக்கு அடியில், கண் தெரியாதவர்கள் கோலால் தடவி நடப்பதற்காகப் பதித்த மேடு வைத்த கற்கள். அந்த வரியிலேயே சக்கரம் சக்கரமாக நிற்கிறது. யாருக்காகப் பதித்தீர்கள் அதை?

பைக் முடிந்தால் கடைக்காரரின் பூந்தொட்டி. தொட்டி முடிந்தால் வண்டி ஏற்றுவதற்குப் போட்ட இரும்புச் சறுக்குப் பலகை. அம்மாவின் கோல் அதில் ஒருமுறை வழுக்கியது. நான் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உதறுகிறது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் ஹாரன். ஆம், நடைபாதையில்! சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத ஒருவர் மேலே ஏற்றிக்கொண்டு வந்து, நாங்கள் ஏதோ அவர் வழியை மறித்துவிட்டது போல முறைக்கிறார். அவர் பின்னால் இன்னும் நான்கு பேர்.

அவர்களுக்கு வழிவிடத்தான் குழந்தையைப் பக்கத்தில் இழுத்தேன். அப்போதுதான் வந்து நின்றிருந்த ஒரு பைக்கின் சைலன்சர் அவள் கெண்டைக்காலில் பட்டுவிட்டது. ஆறு வயதுக் குழந்தையின் கெண்டைக்கால் சரியாகச் சைலன்சர் உயரத்தில்தான் இருக்கிறது. முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம் எழும்பியது. அவள் அழுத அழுகையில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஓடி வந்தது கரும்புச்சாறு விற்கும் ஒரு பெண்மணி. கேனில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து, நிறுத்தாமல் காலில் ஊற்றினார். அம்மாவுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அவர் கடையும் நடைபாதையில்தான் இருக்கிறது, தெரியும். ஆனால் அந்த வண்டி பிடிக்கும் இடம் இரண்டு முழம். ஆள் வந்தால் ஸ்டூலை நகர்த்துகிறார். அவரையும், நாள் முழுக்க 40 பைக் நிறுத்திக் காசு பார்ப்பவரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017இலேயே அந்தப் பகுதியின் துணைத் தலைவர் டோவான் நொக் ஹாய் ஆட்களோடு இறங்கி, ஆக்கிரமித்த படிகளையெல்லாம் உடைத்தார். குட்டி சிங்கப்பூர் ஆக்குகிறேன் என்றார். அடுத்த வருடமே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிறகு நடைபாதையை உபயோகிக்கக் கட்டணம் என்று விதி கொண்டுவந்தார்கள். நடப்பவருக்குக் குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2025 ஜனவரி முதல், நடைபாதையில் பைக் ஓட்டினால் 40 முதல் 60 லட்சம் டாங் வரை அபராதம். நம் பணத்தில் 13,000 ரூபாய்க்கு மேல். முதல் சில வாரம் ஒருவரும் ஏறவில்லையாம். நண்பன்தான் சொன்னான். அப்படியானால் முடியும் என்றுதானே அர்த்தம்? போலீஸ் நிற்கும்போது தெரிகிற சட்டம், போலீஸ் போனதும் எங்கே போகிறது? 12 வருடம் தோண்டி மெட்ரோ போட முடிந்த ஊருக்கு, ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒரு கிழவி நடந்து போக ஒன்றரை மீட்டரைக் காலியாக வைக்க முடியாதா?

கோயில் போய்ச் சேர 35 நிமிடம் ஆனது. உள்ளே வியட்நாம் பெண்கள் கல்சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா சுற்றிப் பார்க்கவில்லை. பேத்தியை மடியில் போட்டு, காலுக்கு ஊதிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். இந்தக் கோயிலைப் பற்றி வந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தவர்.

திரும்பும்போது குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டேன். வாசலில் அம்மா நடைபாதையை ஒரு பார்வை பார்த்தார். "வேணாம்ப்பா, ரோட்டுலயே போயிடலாம். அவங்களாவது பார்த்து ஓட்டுறாங்க" என்று கோலை ஊன்றி ரோட்டில் இறங்கிவிட்டார்.