நிறுத்தி வைக்கலாம், காரணம் சொல்லாமல் அனுப்பலாமா?

வெளிநாட்டு விமான நிலையங்களில் கடவுச்சீட்டுச் சோதனையின்போது சிலரை மட்டும் ஓரமாக நிறுத்தி வைப்பதும், ஏன் என்று கேட்டால் "உட்காருங்கள், கூப்பிடுவோம்" என்பதற்கு மேல் பதில் வராததும் வழக்கமாகிவிட்டன. தன் எல்லைக்குள் நுழைபவரைச் சோதிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. ஆனால் பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி, அது என்ன வகைச் சோதனை என்பதைக்கூடச் சொல்ல மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில், வரிக்கு 44 எழுத்துகளுக்கே இடம். பெயருக்குக் கிடைப்பது 39. நீண்ட பெயர் அங்கே வெட்டுப்பட்டு, மற்ற ஆவணங்களில் உள்ள பெயரோடு பொருந்தாமல் போகலாம். கண்காணிப்புப் பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் பெயரோடு நம் பெயர் ஒத்துப்போனாலும் திரை எச்சரிக்கும். பட்டியலில் இருந்த ஒரு பெயரின் சாயலால் தாமே விமான நிலையங்களில் தடுக்கப்பட்டதை, அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி 2004-இல் செனட் குழு விசாரணையில் சொன்னார். அமைச்சரிடமே பேச முடிந்த அவருக்கும் அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று என்றால், மற்றவர்கள் யாரிடம் போய் நிற்பது?

என்னை நிறுத்தியபோது, அதிகாரி திரையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். யாருக்கோ தொலைபேசியில் எண்ணைப் படித்துக் காட்டினார். கடவுச்சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே கொடுத்தனுப்பினார். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையுடன் இருந்த பெண், இணைப்பு விமானம் புறப்படும் நேரத்தைச் சொல்லிச் சொல்லிக் கேட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான். காரணம் தெரியாததால் அடுத்த பயணத்துக்கு முன் எதைச் சரிசெய்துகொள்வது என்பதும் தெரியாது.

பெயர் ஒற்றுமையா, ஆவணச் சரிபார்ப்பா, தற்செயல் தேர்வா என்று குறித்து, நிறுத்திய நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் எழுதி ஒரு சீட்டுத் தந்தால் எந்த உளவு ரகசியம் வெளியாகிவிடும்? விமானத்தைத் தவறவிட்டவர் நிறுவனத்திடம் காட்டவாவது அது உதவும். அமெரிக்காவில் 2007 முதல் இத்தகைய முறையீடுகளுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தவருக்கு ஓர் எண் தருகிறார்கள், பயணச்சீட்டு எடுக்கும்போது அதைக் குறிப்பிடலாம். பட்டியலில் பெயர் இருந்ததா என்பதை அங்கும் பொதுவாகச் சொல்வதில்லை என்றாலும், முறையிட ஒரு வாசலாவது உண்டு.

தொலைந்ததாகப் புகார் செய்த கடவுச்சீட்டு பின்னர் வீட்டிலேயே கிடைத்தாலும் அதை எடுத்துச் செல்லாதீர்கள். இன்டர்போல் 2002 முதல் பராமரிக்கும் தொலைந்த ஆவணங்களின் தரவுத்தளத்தில் அதன் எண் ஏறியிருக்கக்கூடும். மற்றபடி, நிறுத்தப்பட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஊர் திரும்பியதும் அந்த நாட்டின் குடிவரவுத் துறைக்கு எழுத்தில் முறையிடுங்கள்.