கேட்ட கேள்விக்குத்தானே பதில் எழுதினாள்?

பேசாமல் இருப்பம் என்றுதான் பார்த்தேன். உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை பரீட்சையில் கருத்தடை பற்றி எழுதிய விடைத்தாளை யாரோ படம் எடுத்துப் பரப்ப, எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறார்கள். இன்று அந்தப் படம் எங்கள் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. "இவ்வளவு விபரம் இந்தப் பெட்டைக்கு எப்பிடித் தெரியும்?" என்ற எழுத்தோடு.

படித்தாள், தெரியும். உயர்தர உயிரியலில் மனித இனப்பெருக்கம் இருக்கிறது, அதற்குள் கருத்தடை இருக்கிறது. தவணைப் பரீட்சையில் கேட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாள்.

முழுவதையும் வாசித்தேன். மாத்திரையிலுள்ள ஓமோன்கள் சூல் வெளியேறுவதைத் தடுக்கும். கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப் விந்தைச் செயலிழக்கச் செய்யும். ஆணுறை எச்.ஐ.வி.யிலிருந்தும் காக்கும். ஆணுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையில் விந்தைக் கொண்டுபோகும் குழாயான அப்பாற்செலுத்தியைத்தான் வெட்டுவார்கள், ஆண் ஓமோன் இரத்தத்தோடு போவதால் ஆண்மை குறையாது. ஒரு பிழை இல்லை. சிரித்த ஆம்பிளையளில் எத்தனை பேருக்கு அந்தக் கடைசி விசயம் தெரியும்?

"படிப்பிச்சால் பிள்ளையள் கெட்டுப்போகும்" என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். ஈரல் நோயைப் பற்றிப் படித்தவன் எல்லாம் குடிக்கப் போகிறானா?

எங்கள் காலத்தில் சேர் "வீட்டை வாசியுங்கோ" என்று அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனார். ரியூசனிலும் அதே. வீட்டில் யார் முன்னால் திறப்பது? புள்ளி போனது போகட்டும். பால் குடுக்கிற காலத்தில் கரு தங்காது என்று ஊரே சொன்னதை என் அக்கா நம்பினாள். முதல் ஆறு மாதம், தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அது பொருந்தும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூத்தவன் தவழும்போதே அடுத்தது வயிற்றில். இரத்தம் குறைந்து வாட்டில் கிடந்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"எங்கட சனமே குறையுது, இதுக்குள்ள கருத்தடைப் படிப்போ?" என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. 2013இல் கிளிநொச்சிக் கிராமங்களில் பெண்களின் கையில், தோலுக்குக் கீழே, அவர்களின் விருப்பமில்லாமல் கருத்தடைக் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததும் நினைவிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தோலுக்குக் கீழே வைப்பது என்ன, எத்தனை வருடம் வேலை செய்யும், எப்போது எடுக்கலாம் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேணும்.

பெடியங்களுக்கும் இதே வினாத்தாள்தான். ஒருவனின் விடையையும் யாரும் படம் எடுக்கவில்லை. திருத்தக் கொடுத்த தாளை வெளியே விட்டது யார் என்றும் விசாரிக்கவில்லை. அவளின் அம்மாவைத்தான் கூப்பிட்டு இருத்தி வைத்தார்களாம். அந்த மனிசி என்ன சொல்லவேணும் என்று எதிர்பார்த்தீர்கள்? மகள் படித்ததற்கு மன்னிப்புக் கேட்கவேணுமா?