"ஒண்ணுமில்ல, விடு"

காது சரியாகக் கேட்காத நான் மூன்றாவது தடவையாக "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், வீட்டில் வரும் பதில் இதுதான்: "ஒண்ணுமில்ல, விடு." கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப்போகிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த விஷயம், எனக்குச் சொல்லும்போது மட்டும் எப்படி ஒண்ணுமில்லாததாகிறது?

அப்புறம், கத்துவது. எனக்கு உள்காதில் கோளாறு. காது மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும். தெளிவை அந்த அளவுக்குத் தராது. உயிரோசை வந்துவிடும், மெய்யொலிதான் நழுவும். கடையா, தடையா, படையா? கத்தினால் அந்த 'அடை' மட்டும்தான் பெரிதாகக் கேட்கிறது. இதில் மிக்ஸி ஓடும்போது, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். முதுகிலிருந்து நான் எந்த உதட்டசைவைப் படிப்பது?

என் தங்கை மகளுக்கு வயது பதினொன்று. யாரும் சொல்லித் தரவில்லை. தோளைத் தொடுவாள், எதிரே வந்து உட்காருவாள், புரியவில்லையென்றால் அதையே வேறு வார்த்தையில் சொல்வாள். போன மாதம் கல்யாண வீட்டில், மேளச் சத்தத்துக்கு நடுவே, மாமா சொன்ன கதை முழுவதையும் போனில் தட்டித் தட்டிக் காட்டினாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.