புண்ணுக்குக் கிடைத்த ஆதாரம் மூளைக்கு இன்னும் கிடைக்கவில்லை

பெருமூளை வாதம் (வளரும் மூளையின் பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு) உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம், "40 முறை ஹைபர்பேரிக் ஆக்சிஜன் கொடுத்தால் குழந்தை தேறிவிடும்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் மீது எனக்குக் கடுமையான கோபம் இருக்கிறது. இந்தச் சிகிச்சை பொய் என்பதால் இல்லை. ஓரிடத்தில் அது சம்பாதித்த நல்ல பெயரை வேறோர் இடத்தில் காட்டி விற்கிறார்கள் என்பதால்தான்.

ஹைபர்பேரிக் ஆக்சிஜன் என்பது அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிப்பது. அப்போது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் சுமப்பது போக ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் ஆக்சிஜன் கணிசமாகக் கரைகிறது. 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுதாக நீக்கிய பன்றிகளை இந்த முறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். ரத்த ஓட்டம் குறைந்த புண்ணுக்கு இது உதவலாம் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத பாதப்புண்ணில் ஸ்வீடனில் 94 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு வருட முடிவில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது, மற்றவர்களில் 29 சதவீதம். ஆனால் 2018-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆக, புண்ணிலேயே எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூளை விஷயத்துக்கு வருவோம். கனடாவில் பெருமூளை வாதம் உள்ள 111 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல 1.75 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன், மற்றதற்கு 1.3 மடங்கு அழுத்தத்தில் வெறும் காற்று. 2001-இல் முடிவு வந்தது: இரு பிரிவுமே முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில். தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் அவதிப்பட்ட அமெரிக்க ராணுவத்தினரிடம் செய்த ஆய்வுகளிலும் இதே கதைதான்.

"அந்த 1.3 அழுத்தக் காற்றே மருந்துதான்" என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இதை நான் தள்ளிவிடவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அழுத்தத்தில் கிடைக்கும் ஆக்சிஜன், சாதாரண அழுத்தத்தில் 27 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். அதற்கு மூக்கில் ஒரு சின்னக் குழாய் போதுமே! அழுத்தம்தான் குணப்படுத்துகிறது என்றால் அதையும் தனியே சோதித்துக் காட்ட வேண்டும். குழந்தைகள் முன்னேறியது நிஜம். தினசரிக் கவனிப்பும் நம்பிக்கையும் வயதோடு வரும் வளர்ச்சியும்கூட அதைத் தந்திருக்கலாம்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலமான தலைக்காயத்தில் 168 பேரிடம் செய்து 1992-இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெறாதவர்களில் 32 சதவீதமாக இருந்த இறப்பு, பெற்றவர்களில் 17 சதவீதமாக இருந்தது. ஆனால் நல்லபடியாகத் தேறி வாழ்ந்தவர்களின் பங்கு கூடவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க இன்னும் ஆய்வுகள் வேண்டும், அதுவும் நோயாளியிடம் காசு வாங்காத ஆய்வுகள்.

அப்புறம், "செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு: காது வலி, வலிப்பு, தீ. 2025 ஜனவரியில் மிச்சிகனின் ட்ராய் நகரில் இப்படி ஓர் அறை தீப்பிடித்து 5 வயதுப் பையன் இறந்தான். பணம் கட்டும் முன் என்ன அழுத்தம், உள்ளே எந்த வாயு, தீப்பாதுகாப்பு என்ன, பக்கத்தில் மருத்துவர் இருப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.